வீட்டுக்கு அனுமதி இருக்கிறது, சுற்றுச்சுவரை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கோவைப் புறநகரில் சின்ன அளவில் வீடு கட்டிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். மழைக்காலம் வந்தால் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் எங்காவது ஒரு மூலையில் ‘சுவர் இடிந்து’ என்று தொடங்கும் செய்தி ஒன்று வந்துவிடுகிறது. இரண்டு பத்தி, ஒரு படம், இழப்பீட்டுத் தொகை, அதோடு முடிகிறது. அந்தச் சுவர் எத்தனை அடி, அதற்குப் பின்னால் எவ்வளவு மண் கொட்டியிருந்தது, அதைக் கட்டும்போது யாராவது வந்து பார்த்தார்களா, இதெல்லாம் எந்தச் செய்தியிலும் இருப்பதில்லை. இந்த வேலையிலேயே இருப்பவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்: சுற்றுச்சுவரையும் கொல்லைப்புறத்தில் போடுகிற ஷெட்டையும் நம் ஊரில் யாரும் பார்ப்பதில்லை. விதி இருக்கிறது, பார்க்கிற கண்தான் இல்லை.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீடு கட்டுகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. அதற்கு முன்னால் சென்னைக்கு ஒன்று, மற்ற நகரங்களுக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்ததை ஒன்றாக்கினார்கள். வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலி இடம் எவ்வளவு என்று அதில் இருக்கிறது. முன்பக்கம் எவ்வளவு என்பது சாலையின் அகலத்தைப் பொறுத்தது. 9 மீட்டர் வரை உள்ள சாலை என்றால் ஒன்றரை மீட்டர், அதற்கு மேல் 18 மீட்டர் வரை 3 மீட்டர், இப்படிப் போகும். அந்தக் காலி இடத்தில் என்னென்ன இருக்கலாம் என்றும் கணக்கு உண்டு. சுற்றுச்சுவர் 2 மீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது, நம் கணக்கில் ஆறரை அடி. மோட்டார் ரூம் என்றால் 2 சதுர மீட்டர் பரப்பு, 1.8 மீட்டர் உயரம், அவ்வளவுதான். ஒரு ஆள் குனிந்து உள்ளே போய் ஸ்விட்சைப் போட்டுவிட்டு வெளியே வரலாம், அதற்கு மேல் அங்கே வேலை இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில் காவலாளி அறை வைத்தால் இரண்டரை மீட்டருக்கு இரண்டரை மீட்டர், 3 மீட்டர் உயரம். இவை நான் சொல்பவை அல்ல, சென்னைப் பெருநகரத்தின் பழைய விதிகளிலும் கிட்டத்தட்ட இதே அளவுகள்தான் இருந்தன.

ஆறரை அடி போதாதா? திருடன் ஏறக் கூடாது, நாய் உள்ளே வரக் கூடாது, தெருவில் போகிறவர் எட்டிப் பார்க்கக் கூடாது, இந்த மூன்றுக்கும் ஆறரை அடி தாராளமாகப் போதும். ஆனால் வேலை கேட்டு வருபவர்கள் பலரும் எடுத்த எடுப்பிலேயே எட்டடி, பத்தடி என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ‘பக்கத்து மனையில் போட்டிருக்காங்க’ என்கிறார்கள். அந்தப் பக்கத்து மனைக்காரரைக் கேட்டால் அவரும் இதையேதான் சொல்வார்.

2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலை மேட்டுப்பாளையம் நடூரில் என்ன நடந்தது என்பது உங்கள் வாசகர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த விதிகள் அரசிதழில் வந்து பத்து மாதம்கூட ஆகவில்லை. தனியார் வீடு ஒன்றின் கருங்கல் சுற்றுச்சுவர், சுமார் 20 அடி உயரம், விடிய விடியப் பெய்த மழையில் சரிந்து கீழே இருந்த ஓட்டு வீடுகள் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் போனார்கள், குழந்தைகள் உட்பட. இறந்தவர்கள் எல்லோரும் தலித் மக்கள். அது வெறும் பாதுகாப்புச் சுவர் இல்லை, தீண்டாமைச் சுவர் என்று அப்போது பலர் சொன்னார்கள், போராடினார்கள். அந்தச் சுவர் ஆபத்தாக இருக்கிறது என்று முன்பே சொல்லிவந்தோம் என்றும் அங்கே வாழ்ந்தவர்கள் சொன்னார்கள். இரண்டையும் நான் ஒன்றாகத்தான் பார்க்கிறேன். கீழே இருப்பவர்கள் கூலி வேலைக்குப் போகிறவர்களாக இல்லாமல் வேறு யாராகவாவது இருந்திருந்தால் 20 அடிச் சுவர் அங்கே எழும்பியிருக்குமா, எழும்பினாலும் அவர்கள் சொன்ன சொல்லை யாரும் காதில் வாங்காமல் இருந்திருப்பார்களா என்று அன்றைக்கும் கேட்டேன், இன்றைக்கும் கேட்கிறேன்.

அதற்கு ஐந்து வருடம் முன்னால், 2014 ஜூலையில், திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு கிடங்கின் சுவர் மழையில் விழுந்து பக்கத்தில் குடிசை போட்டுத் தங்கியிருந்த கட்டட வேலைக்காரர்கள் 11 பேர் இறந்தார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு அரசு மாநிலம் முழுக்கப் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்யச் சொன்னது, பழுதான கட்டடங்களை இடித்தார்கள், அது நல்ல காரியம். ஆனால் வீட்டுச் சுற்றுச்சுவர்களுக்கு அப்படி ஒரு ஆய்வு நடந்ததாக நான் வேலை செய்கிற எந்த ஊரிலும் பார்க்கவில்லை.

சுவர் ஏன் விழுகிறது என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘கனமழையால் இடிந்தது’ என்று எழுதிவிட்டு மழை மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். மழை கடைசியில் வந்து தள்ளுகிறது, அவ்வளவுதான். சுற்றுச்சுவர் என்பது தனியாக நிற்கிற சுவர். வீட்டுச் சுவருக்கு மேலே கூரைக் கான்கிரீட் இருக்கிறது, பக்கவாட்டில் குறுக்குச் சுவர்கள் பிடித்துக்கொள்கின்றன. சுற்றுச்சுவருக்கு அப்படி எந்தப் பிடிப்பும் கிடையாது, கடைக்காலும் (அஸ்திவாரமும்) பில்லரும்தான் அதன் உயிர். அந்த இரண்டிலும்தான் முதலில் கை வைக்கிறார்கள். வீடு முடியும்போது கையில் பணம் தீர்ந்திருக்கும், கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, ‘காம்பவுண்டுதானே, ஒண்ணரை அடி தோண்டிப் போட்டுடுங்க’ என்பார்கள். கொத்தனாரும் மீந்த கல், மீந்த கம்பி, மீந்த சிமெண்டை வைத்து ஏற்றிவிடுவார். 10 அடிக்கு ஒரு பில்லர் நிறுத்த வேண்டிய இடத்தில் மூலைக்கு மூலைதான் பில்லர் இருக்கும். 4 இஞ்ச் ஹாலோ பிளாக், அடியில் பெல்ட் என்கிற கான்கிரீட் பட்டை கிடையாது, மேலே காப்பிங் என்கிற மூடு கான்கிரீட்டும் கிடையாது.

இந்தச் சுவர் சமமான தரையில், இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் மண் இருந்தால் பல வருடம் நிற்கவும் நிற்கும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், மனையை உயர்த்தும்போது. இன்றைக்கு எல்லோரும் மனையை உயர்த்துகிறார்கள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தார் மேலேயே புதுத் தார் ஏறுகிறது, வீடு பள்ளத்துக்குப் போகிறது, மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது, அதனால் பக்கத்து வீட்டைவிட இரண்டடியாவது மேலே இருக்க வேண்டும் என்று லாரி லாரியாக மண் கொட்டுகிறார்கள். கொட்டிய மண் எதன் மேல் சாய்கிறது? அந்த 4 இஞ்ச் சுவர் மேல். அதோடு அது சுற்றுச்சுவர் என்பது போய், மண்ணைத் தாங்குகிற சுவராக ஆகிவிடுகிறது. கட்டினவர் அதற்காகக் கட்டவில்லை, கட்டச் சொன்னவருக்கு அந்த வித்தியாசமே தெரியாது.

வெறும் தண்ணீரை வைத்தே கணக்குப் பார்க்கலாம். சுவருக்குப் பின்னால் 1 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் அரை டன் தள்ளும். அதே தண்ணீர் 2 மீட்டர் நின்றால் 1 டன் தள்ளும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், ஆனால் 2 டன் தள்ளும். உயரம் இரண்டு மடங்கானால் தள்ளுகிற பலம் நான்கு மடங்கு. ஆறடிச் சுவர் நிற்கிறதே, பன்னிரண்டடியாக ஏற்றினால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்கிற பதில் இதுதான். காய்ந்த மண் இவ்வளவு தள்ளாது, தன்னைத்தானே கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். நாலு நாள் விடாமல் மழை பெய்து மண் ஊறிவிட்டால் அந்தப் பிடிப்பு போய்விடும், மண்ணின் பாரமும் தண்ணீரின் பாரமும் சேர்ந்துகொள்ளும். எங்கள் பக்கத்தில் கரிசல் மண் வேறு. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும், வருடா வருடம் கடைக்காலை அசைத்துக்கொண்டே இருக்கும்.

இதற்கு மருந்து பெரிய செலவில்லை. மண் தாங்குகிற சுவர் என்றால் அதற்கென்று ஒரு பொறியாளரிடம் வரைபடம் வாங்கி, கம்பி கட்டி, அடியை அகலமாகப் போட்டுக் கட்ட வேண்டும். அந்தச் சுவரில் 4, 5 அடிக்கு ஒரு பிவிசி பைப்பைக் குறுக்கே வைத்து, பின்னால் ஜல்லி போட்டு, தண்ணீர் வெளியே வடிய வழி விட வேண்டும். சுவரில் வரிசையாக ஓட்டை இருந்தால் பார்க்க நன்றாக இல்லை என்று பூசி அடைத்துவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அடைக்காதீர்கள், அந்த ஓட்டைகள்தான் சுவரை நிற்க வைக்கின்றன.

ரெடிமேட் காம்பவுண்டு பற்றியும் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் நீளமாகப் பள்ளம் விட்ட கான்கிரீட் தூணை நட்டு, நடுவில் பலகை மாதிரி ஸ்லாபுகளைச் சொருகிக்கொண்டே போவார்கள், இரண்டு நாளில் ஒரு மனைக்கு வேலி முடிந்துவிடும். விலை குறைவு, காலி மனைக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் அது வேலிதான். வீடு கட்டும்போது அதை எடுத்துவிட்டுச் சுவர் வைக்காமல், அதன் மேலேயே மண்ணை நிரப்பி, அதன் உள்பக்கத்தில் வாகனம் நிறுத்துகிறார்கள். அந்த ஸ்லாப் ஒன்றரை, இரண்டு இஞ்ச் கனம்தான் இருக்கும். தூண் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நிற்பதை எங்கள் ஊர்ப் பக்கம் எந்தப் புதிய லேஅவுட்டுக்குப் போனாலும் பார்க்கலாம். சாய்ந்த தூணுக்குக் கீழே தெருக் குழாய் இருக்கும், அங்கே பெண்கள் குடத்தோடு நிற்பார்கள்.

இனி அனுமதி விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரை உள்ள மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளம் அல்லது அதற்கு மேல் ஒரு மாடி என்றால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணத்தைக் கட்டியதும் உடனே அனுமதி கையில் வந்துவிடும். கள ஆய்வு கிடையாது, கட்டி முடித்த பிறகு முடிவுச் சான்றிதழும் வாங்க வேண்டாம். நான் இந்த முறையை மனதார வரவேற்கிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன வீட்டுக்கு அனுமதி வாங்க நடந்த நடை, கொடுத்த தொகை, பட்ட அவமானம் இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விண்ணப்பத்தோடு போகிற வரைபடத்தில் வீட்டின் ஒவ்வொரு சுவருக்கும் ஜன்னலுக்கும் அளவு இருக்கிறது; சுற்றுச்சுவர் மட்டும் மனையைச் சுற்றி ஒரு கோடு. நான் பார்த்த வரைபடங்களில் அதன் உயரம், அதன் கடைக்கால், இரண்டு பக்கமும் மண் மட்டம் என்ன என்று எதுவும் எழுதியிருந்ததில்லை. தொடக்கத்திலும் யாரும் வருவதில்லை, முடிவிலும் யாரும் வருவதில்லை. நடுவில் அந்தக் கோடு பத்தடிச் சுவராக வளர்ந்தால் யாருக்குத் தெரியும்?

கொல்லைப்புறத்தில் நடப்பதும் இதேதான், இன்னும் கொஞ்சம் மெதுவாக நடக்கிறது. வீட்டுக்குக் குடிவந்த முதல் வருடம் பக்கவாட்டில் விட்ட இடம் காலியாக இருக்கும். அப்புறம் வாஷிங் மெஷின் நனையக் கூடாது என்று ஒரு தகர ஷீட் போடுவார்கள். ஷீட் போட்டாகிவிட்டதே என்று பக்கத்தில் ஒரு தடுப்பு, அப்புறம் விறகடுப்பு, அப்புறம் ஒரு குளியலறை. கடைசியில் அதற்கு ஒரு கதவும் பூட்டும் வந்து, அது வாடகைக்கு விட்ட அறையாக நிற்கும். ஒரு பக்கம் அந்த வீட்டின் சுவர், இன்னொரு பக்கம் சுற்றுச்சுவர், இரண்டின் மேலும் ஷீட்டைச் சாத்தியிருப்பார்கள், ஆக ஷெட்டின் பாரமும் காற்றின் இழுப்பும் அதே 4 இஞ்ச் சுவர் மேல்.

இதில் பக்கத்து வீட்டுக்காரர் படுகிற பாடு தனி. ஷீட்டின் சரிவு பெரும்பாலும் அவர் பக்கமாகத்தான் இருக்கும், மழை பெய்தால் மொத்தத் தண்ணீரும் அவர் ஜன்னலில் அடிக்கும். வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பை 2003இல் கட்டாயமாக்கிய மாநிலம் இது, நம் கூரைத் தண்ணீரை நம் மண்ணிலேயே இறக்க வேண்டும் என்று இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். குளியலறை நாற்றம், விறகடுப்புப் புகை எல்லாம் அவர் படுக்கையறைக்குள் போகும். சமையல் கேஸ் சிலிண்டரைக் கொண்டுபோய் அந்த ஷெட்டுக்குள் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். தீப்பிடித்தால் தீயணைப்புக்காரர்கள் வீட்டின் பின்பக்கம் போகும் வழி அந்தப் பக்கவாட்டு இடம்தான், அதைத்தான் அடைத்து வைத்திருக்கிறோம். அந்த இடைவெளியை விடச் சொன்னதன் காரணமே காற்றும் வெளிச்சமும் ஆபத்துக்கு ஒரு வழியும்தான், அது வீட்டுக்காரருக்கு மிச்சமான இடம் கிடையாது.

இன்னொன்று மின்கம்பி. தெருவில் போகிற தாழ்வழுத்தக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 2.5 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. மொட்டை மாடியிலும் கொல்லையிலும் தகர ஷீட் போடுகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. இரும்புக் குழாயைத் தூக்கி நிறுத்தும்போது ஷாக் அடித்து இறந்துபோகிற வெல்டர்கள் எல்லாம் இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்கள்.

எல்லைத் தகராறைப் பற்றி நீளமாக எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன், ஆனால் தொடாமல் போகவும் முடியாது. சுற்றுச்சுவர் வேலையில் பாதி அரையடிச் சண்டைதான். பத்திரத்தில் ஒரு அளவு, புலப்படத்தில் ஒரு அளவு, மனையில் எல்லைக்கல்லே இல்லை, ரியல் எஸ்டேட்காரர் நட்ட கல்லை எப்போதோ பொக்லைன் பிடுங்கிப் போட்டுவிட்டது. சுவர் யார் மண்ணில் நிற்கிறது என்று தெரியாமலேயே கட்டி முடித்துவிட்டு நீதிமன்றத்துக்கு நடக்கிறார்கள். கட்டுவதற்கு முன்னால் ‘அளந்து அத்து காட்ட’ மனு கொடுத்தால் சர்வேயர் வந்து அளந்து காட்டுவார், இப்போது இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். 1923ஆம் வருடத்துச் சட்டம் நில அளவைக்கும் எல்லைக்குமாகவே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரையும் கூட நிற்க வைத்து அளந்துவிட்டு, அப்புறம் கயிறு பிடியுங்கள். கடைக்கால் தோண்டும் அன்று காலையில் போய், ‘அண்ணா, சுவர் போடறோம், ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு வந்தேன்’ என்று சொல்வதில் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது. நான் எடுக்கிற வேலைகளில் இதைச் செய்யாமல் தோண்ட ஆரம்பிப்பதில்லை.

தோண்டுவது என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து மனையில் ஏற்கெனவே ஒரு சுவர் நிற்கிறது, அதை ஒட்டியே நாம் கடைக்கால் தோண்டுகிறோம். தோண்டத் தோண்ட அந்தச் சுவரின் அடி வெளியே வந்துவிடும், அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. குழிக்குள் இறங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் சித்தாள்கள், வடமாநிலத் தொழிலாளர்கள். சுவர் சரிந்தால் முதலில் அவர்கள் மேல்தான் விழும். மழை பெய்த மறுநாள் சுவரோரம் தோண்டக் கூடாது, ஒரே நேரத்தில் முழு நீளத்துக்கும் தோண்டக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டிக் கட்டி நிரப்பிக்கொண்டே போக வேண்டும். இது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். பொக்லைன் ஒரு மணி நேர வாடகைக்கு வந்து நிற்கும்போதுதான் எல்லோருக்கும் மறந்துபோகிறது.

சரி, ஏற்கெனவே கட்டி நிற்கிற ஆபத்தான சுவருக்குக் கீழே வாழ்கிறவர்கள் என்ன செய்வது? நடூருக்குப் பிறகு என்னிடம் பலர் கேட்ட கேள்வி இது. ஒரு தூக்குக்குண்டு எடுத்துச் சுவரோடு தொங்கவிட்டுப் பாருங்கள். சுவர் உங்கள் பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா, நடுவில் வயிறு மாதிரி புடைத்திருக்கிறதா, படுக்கைவாட்டில் நீளமான விரிசல் இருக்கிறதா, அடியில் ஈரம் காயாமலேயே இருக்கிறதா. இவற்றில் ஒன்று இருந்தாலும் செல்போனில் தேதியோடு படம் எடுத்து, உள்ளாட்சி ஆணையருக்கோ செயல் அலுவலருக்கோ எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்தாமல் கோட்டாட்சியருக்கும் ஒரு மனு கொடுங்கள். விழுந்து ஆட்களுக்கு ஆபத்து உண்டாக்கக்கூடிய கட்டடத்தையோ சுவரையோ அகற்றவும் பழுது பார்க்கவும் உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 152ஆவது பிரிவு. அனுமதிக்கு மாறாகக் கட்டியிருந்தால் 1971ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆவது பிரிவுகளில் நோட்டீஸ் கொடுக்கவும் பூட்டி முத்திரை வைக்கவும் வழி இருக்கிறது. அதிகாரம் இல்லை என்று எந்த அலுவலகமும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மனு கொடுத்தபோது, ‘அது தனியார் இடம், நீங்களே பேசித் தீர்த்துக்கோங்க’ என்று திருப்பி அனுப்பினார்கள். பேசித் தீர்க்க முடிகிற நிலையில் இருப்பவர் எதற்காக வேலையை விட்டுவிட்டு மனுவோடு வந்து வரிசையில் நிற்கப் போகிறார்?

நான் புதிதாக ஒரு அனுமதி, ஒரு கவுண்டர், ஒரு முத்திரை கேட்கவில்லை. இன்னொரு அனுமதி என்றால் இன்னொரு இடத்தில் கையூட்டு என்று நண்பர்கள் சொல்கிறார்கள், அவர்கள் பயம் எனக்கும் இருக்கிறது. நான் கேட்பது இருக்கிற இணைய விண்ணப்பத்திலேயே சில கட்டங்கள். சுற்றுச்சுவர் எத்தனை அடி, உள்ளே வெளியே மண் மட்டம் என்ன, வித்தியாசம் இரண்டடிக்கு மேல் என்றால் மண் தாங்கும் சுவருக்குத் தனி வரைபடமும் அதில் பொறியாளர் கையெழுத்தும் கட்டாயம். வேலை முடிந்ததும் சுவரின் நான்கு பக்கமும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து அதே இணையதளத்தில் ஏற்றச் சொல்லுங்கள், ஏற்றினால்தான் நிரந்தர மின் இணைப்பு என்று வையுங்கள். ஒரு வீட்டுக்காரருக்கு அரை மணி நேர வேலை இது. ஷெட்டுக்கும் ஒரு வழி சொல்ல வேண்டும். வாஷிங் மெஷினுக்கும் சைக்கிளுக்கும் மழை படாத ஒரு இடம் எல்லா வீட்டுக்கும் தேவைதான், அதை அடியோடு கூடாது என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். இத்தனை சதுர அடி, இத்தனை உயரம், பக்கத்து மனை எல்லையிலிருந்து இத்தனை தள்ளி, சுற்றுச்சுவர் மேல் சாத்தக் கூடாது, தண்ணீர் நம் பக்கமே விழ வேண்டும், உள்ளே யாரும் தங்கக் கூடாது, தீ மூட்டக் கூடாது என்று மோட்டார் ரூமுக்கு இருப்பது போலவே தெளிவாக ஒரு வரி எழுதிவிட்டால், மனசாட்சியோடு கட்டுகிறவனுக்கு அது போதும்.

உயரம் வேண்டும் என்பவர்களுக்கும் நான் ஒரு வழி சொல்வதுண்டு. கீழே மூன்றரை அடிக்குச் சுவர், அதற்கு மேல் ஆறரை அடி வரை கிரில் அல்லது கம்பி வலை வையுங்கள். பாரம் குறையும், காற்று உள்ளே வரும், தெருவில் யார் நிற்கிறார்கள் என்று வீட்டிலிருக்கும் பெண்களுக்கும் தெரியும், கேட்டிலிருந்து வண்டியை எடுக்கும்போது குறுக்கே ஓடுகிற குழந்தையும் தெரியும். ஓரத்தில் முல்லையோ சங்குப்பூவோ ஏற்றிவிட்டால் மறைப்பும் கிடைத்துவிடும். கிராமத்தில் கொல்லைக்குக் கிளுவை வேலியும் முள்வேலியும் போட்டு வாழ்ந்தவர்கள்தானே நாம், அந்த வேலி விழுந்து யாரும் செத்ததில்லை.

அப்புறம் வார்டு உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் உங்கள் வார்டில் தாழ்வான பகுதியை ஒட்டி நிற்கிற உயரமான சுவர்களை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்த்துப் பட்டியல் எடுங்கள். எல்லாத் தெருவும் வேண்டாம். மேட்டு மனைக்கும் பள்ளத்து வீடுகளுக்கும் நடுவில் இருக்கிற சுவர்கள், பள்ளி அங்கன்வாடிகளை ஒட்டியவை, ரேஷன் கடை வரிசை நிற்கிற இடம், குழாயடி, இவை போதும். பட்டியலை ஆணையரிடம் கொடுத்து, எந்தச் சுவருக்கு என்ன செய்தார்கள் என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். ஆசிரியர் அவர்களுக்கும் இதே வேண்டுகோள்தான்: இனி சுவர் இடிந்த செய்தி வந்தால் அதன் உயரத்தையும், பின்னால் மண் நிரப்பியிருந்தார்களா என்பதையும், முன்பே மனு கொடுத்தவர் யாராவது இருந்தார்களா என்பதையும் உங்கள் நிருபர்கள் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர்,
கோவை.